இரவு மருத்துவத்தின் தரத்தை எதைக்கொண்டு அளப்பது?

(மூன்றாம் ஆண்டு இளங்கலை, பொருளியல்)

நோய் நாள் பார்த்து வருவதில்லை; நேரம் பார்த்தும் வருவதில்லை. பகலெல்லாம் ஓடியாடிய குழந்தைக்கு மருத்துவ நிலையத்தின் கதவைச் சாத்திய பிறகுதான் காய்ச்சல் கொதிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில்தான் முதியவருக்கு மூச்சு முட்டுகிறது. "நாளைக் காலையில் வா" என்று கடன்காரனிடம் சொல்லலாம். நோயிடம் சொல்ல முடியுமா?

இங்கிலாந்தில் ஒரு குடும்ப டாக்டரின் நிலையம் திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 8 மணி முதல் மாலை 6.30 மணி வரை நோயாளிகளுக்குப் பொறுப்பேற்கிறது. மாலை 6.30க்குப் பின் வரும் இரவும், சனி ஞாயிறும், பொது விடுமுறை நாட்களும் 'பணி நேரத்திற்கு அப்பாற்பட்ட நேரம்' எனப்படும். இக்கட்டுரையில் அதனைச் சுருக்கமாக 'இரவு மருத்துவம்' என்றே குறிப்பிடுகிறேன். இதனை ஏதோ அகால வேளை, அரிதாக நேர்வது என்று எண்ணிவிட வேண்டாம். ஒரு வாரத்திற்கு 168 மணி நேரம். அதில் நிலையத்தின் நேரம் 52½ மணிதான். எஞ்சிய 115½ மணி நேரம், அதாவது மூன்றில் இரண்டு பங்கிற்கும் மேல், இரவு மருத்துவத்தின் கையில் இருக்கிறது.

அந்தப் பெரும்பகுதி நேரத்தில் மக்களுக்குக் கிடைக்கும் மருத்துவம் நல்லதா என்று யார் பார்ப்பது? எப்படிப் பார்ப்பது? இவ்வினாவிற்கு விடை தேட இங்கிலாந்தை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. அங்கே குடும்ப மருத்துவம் மக்கள் வரிப்பணத்தில் நடப்பது. அதில் நேர்ந்த தவறுகளை அந்நாடு மூடி மறைத்துவிடாமல், விசாரித்து, அறிக்கைகளாக அச்சிட்டு வெளியிட்டிருக்கிறது. பிறர் பட்ட பாட்டிலிருந்து பாடம் கற்பவனே அறிவுடையவன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரவு மருத்துவத்தின் தரத்தை அதன் வேகத்தைக் கொண்டு அளக்கிறார்கள். நானோ அதன் நினைவைக் கொண்டு அளக்க வேண்டும் என்கிறேன். நினைவு என்று நான் எதைச் சொல்கிறேன் என்பது போகப் போக விளங்கும்.

பழைய முறையும் புதிய முறையும்

வள்ளுவப் பெருந்தகை மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்தார்: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து கவனிப்பவர். குடும்ப டாக்டர் என்பவரின் சிறப்பு யாதெனில், அவர் இரண்டாம் கூறாக இருப்பதோடு ஓரளவு நான்காம் கூறாகவும் இருக்கிறார். நோயாளியின் தந்தைக்கு என்ன நோய் இருந்தது, எந்த மருந்து அவருக்கு ஒத்துக்கொள்ளாது, அவர் வலியைப் பெரிதுபடுத்திச் சொல்பவரா, மறைப்பவரா என்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.

1948 ஜூலை 5ஆம் நாள், சுகாதார அமைச்சர் அனூரின் பெவன் காலத்தில் தேசிய நலவாழ்வுப் பணி தொடங்கியபோது, தம் பட்டியலில் உள்ள நோயாளிகளுக்கு இருபத்துநான்கு மணி நேரமும் குடும்ப டாக்டரே பொறுப்பு என்று வைத்தார்கள். நாளடைவில் இச்சுமையைத் தாங்க முடியாத டாக்டர்கள் முறை வைத்துக்கொண்டார்கள். பதிலாள் அனுப்பும் நிறுவனங்களை அமர்த்திக்கொண்டார்கள். 1990களில் கூட்டுறவு அமைப்புகளை உண்டாக்கிக்கொண்டார்கள். 2004 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த புதிய ஒப்பந்தம் அவர்களுக்கு ஒரு வழியைத் திறந்தது. ஆண்டுக்குச் சராசரியாக 6,000 பவுண்டு வருமானத்தை விட்டுக்கொடுத்தால் இரவுப் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்ளலாம். பத்தில் ஒன்பது நிலையங்கள் விலகிக்கொண்டன. பொறுப்பு வட்டார நலவாழ்வு அமைப்புகளின் தலையில் விழுந்தது. அவை கூட்டுறவு அமைப்புகளிடமும் தனியார் நிறுவனங்களிடமும் ஒப்பந்தம் செய்துகொண்டன.

இதனை டாக்டர்களின் சோம்பல் என்று ஏசுவது எளிது. நான் ஏச மாட்டேன். பகல் முழுதும் நோயாளிகளைப் பார்த்து, இரவில் இருமுறை எழுந்து ஓடி, மறுநாள் காலை மீண்டும் நாற்காலியில் அமரும் மனிதன் களைத்துப் போவான். களைத்த கண் மருந்துப் பெயரைத் தவறாகப் படிக்கும். ஆதலால் விலகல் நியாயமே. ஆனால் அந்த விலகலோடு ஒன்று கைநழுவிப் போயிற்று. நோயாளியை அறிந்த டாக்டர் உறங்கப் போனார். அறியாத டாக்டர் வாசலில் வந்து நின்றார். பழைய டாக்டரின் தலைக்குள் இருந்த நினைவை இனி ஓர் அமைப்புதான் சுமக்க வேண்டும்.

அது எத்துணைப் பெரிய அமைப்பு என்பதையும் அறிதல் நன்று. தேசியத் தணிக்கை அலுவலகம் 2014இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2013-14இல் இங்கிலாந்தின் இரவு மருத்துவ அமைப்புகள் ஏறத்தாழ 58 லட்சம் நோயாளிகளின் அழைப்புகளைக் கவனித்தன. அவற்றுள் 33 லட்சம் நேரில் பார்த்தவை. அதிலும் 8 லட்சம் வீட்டிற்கே சென்று பார்த்தவை. செலவு சுமார் 40 கோடி பவுண்டு.

கடிகாரம் என்னும் அளவுகோல்

இவ்வளவு பெரிய வேலையை ஒப்பந்தத்திற்கு விட்ட அரசு, அளவுகோல் ஒன்றையும் வகுத்தது. 2005 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த தேசியத் தரத் தேவைகள் என்னும் விதிகள் அவை. தொலைபேசியை அறுபது நொடிக்குள் எடுக்க வேண்டும். அவசர அழைப்பானால் இருபது நிமிடத்திற்குள்ளும், மற்றவையானால் அறுபது நிமிடத்திற்குள்ளும் மருத்துவ மதிப்பீட்டைத் தொடங்க வேண்டும். நேரில் பார்க்க வேண்டியவர்களை மிக அவசரமானால் ஒரு மணிக்குள்ளும், அவசரமானால் இரண்டு மணிக்குள்ளும், மற்றபடி ஆறு மணிக்குள்ளும் பார்க்க வேண்டும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தடவை இப்படிச் செய்தால் முழுத் தேர்ச்சி.

இவ்விதிகளை நான் குறை கூறவில்லை. நெஞ்சு வலியோடு காத்திருப்பவனுக்கு நிமிடம் என்பது உயிர். அன்றியும், அவ்விதிகளிலேயே வேறு இரண்டு நல்ல விதிகளும் இருந்தன. இரவில் பார்த்த நோயாளியைப் பற்றிய குறிப்பு மறு பணிநாள் காலை 8 மணிக்குள் அவருடைய குடும்ப டாக்டருக்குச் சென்று சேர வேண்டும் என்பது ஒன்று. நோயாளிகளைக் கவனித்த விதத்தைப் பொறுக்கியெடுத்த மாதிரிகளைக் கொண்டு மருத்துவ முறையில் தணிக்கை செய்ய வேண்டும் என்பது மற்றொன்று.

ஆயினும் பரீட்சையில் நாம் காண்பதுதான் அங்கும் நடந்தது. ஒரு மதிப்பெண் வினாக்களைத் திருத்துவது எளிது; கட்டுரை வினாவைத் திருத்துவது கடினம். கடிகாரக் கணக்கைக் கணிப்பொறியே போட்டுக் கொடுத்துவிடும். ஒரு டாக்டர் நோயாளியிடம் சரியான கேள்வியைக் கேட்டாரா என்று பார்க்க இன்னொரு டாக்டர் உட்கார்ந்து படிக்க வேண்டும். எனவே எளிதாக எண்ணக்கூடியது மேலே வந்தது. எண்ண அரியது அடியில் அமுங்கியது.

எட்டு டாக்டர்கள்

2005ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறை. இலண்டனில் நாற்பத்தொரு வயதுடைய பெண்மணி ஒருவர் சிறு மருத்துவச் சிகிச்சை ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். விடுமுறை நாட்களில் அவருக்குக் காய்ச்சலும் வலியும் கண்டன. குடும்ப டாக்டரின் நிலையம் மூடியிருந்தது. அப்பகுதியில் இரவு மருத்துவத்தை நடத்திய காமிடாக் என்னும் அமைப்பை அழைத்தார். ஒரு டாக்டர் பேசினார். மீண்டும் அழைத்தார், வேறொரு டாக்டர் பேசினார். இவ்வாறு அந்நாட்களில் எட்டு டாக்டர்கள், சிலர் தொலைபேசியிலும் சிலர் நேரிலும், அவரைக் கவனித்தார்கள். இரத்தத்தில் நச்சு கலந்து உறுப்புகள் செயலிழந்து அவர் இறந்துபோனார். அவருக்கு ஓர் இளம் மகன் இருந்தான்.

எண்ணிப் பாருங்கள், நண்பர்களே. இங்கே டாக்டர் கிடைக்கவில்லை என்ற குறை இல்லை. ஒருவருக்கு எட்டுப் பேர் கிடைத்தார்கள்! ஆனால் முந்தைய டாக்டர் எழுதிய குறிப்பை அடுத்த டாக்டர் எளிதாகப் பார்க்கும்படியான ஏற்பாடு அங்கே இல்லை. ஒவ்வொருவரும் முதன்முறையாகக் கேட்பவர் போலவே கேட்டார். நோயோ வளர்ந்துகொண்டே போயிற்று. அது வளர்வதைப் பார்க்க வேண்டுமானால் நேற்றைய குறிப்பு வேண்டுமல்லவா? "இவர் ஐந்தாம் முறையாக அழைக்கிறார்" என்ற ஒரு வரி கண்ணில் பட்டிருந்தாலே எந்த டாக்டருக்கும் ஐயம் எழுந்திருக்கும். எட்டுப் பேரின் அறிவும் எட்டுத் தனித் தீவுகளாக நின்றது.

இதைத்தான் நினைவு என்றேன். நோயாளியைப் பற்றிய நினைவு இது.

ஒரு சிறு குப்பி

2008 பிப்ரவரி 16, சனிக்கிழமை. கேம்பிரிட்ஜ்ஷயர் மாவட்டத்தில் சிறுநீரகக் கல் வலியால் துடித்த எழுபது வயது முதியவர் ஒருவரின் வீட்டிற்கு இரவு மருத்துவ டாக்டர் வந்தார். அவர் ஜெர்மனியில் தொழில் செய்பவர்; வார இறுதிப் பணிக்காக முந்தைய நாள் விமானத்தில் வந்தவர்; போதிய உறக்கம் இல்லாதவர்; இங்கிலாந்தில் அவருக்கு அது முதல் பணிமுறை. வலி தணிக்க டயாமார்ஃபின் என்னும் கடும் மருந்தை ஊசியில் ஏற்றினார். கொடுக்க வேண்டியது 10 மில்லிகிராம்; கொடுத்தது 100 மில்லிகிராம். முதியவர் இறந்தார். டேக் கேர் நவ் என்னும் தனியார் நிறுவனம் அவரை அனுப்பியிருந்தது. 2010 பிப்ரவரியில் இறப்பு விசாரணை அதிகாரி இதனைச் சட்டத்திற்குப் புறம்பான கொலை என்றே தீர்ப்பளித்தார். அதே ஆண்டில் அந்த டாக்டரின் பெயர் இங்கிலாந்து மருத்துவப் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது.

கதை இத்துடன் முடிந்தால் ஒரு மனிதனின் தவறு என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அதற்கு முன்கதை ஒன்று உண்டு.

2006ஆம் ஆண்டிலேயே, மார்ஃபின், டயாமார்ஃபின் ஆகியவற்றின் உயர் அளவுக் குப்பிகளால் ஆபத்து நேர்கிறது என்று நோயாளிப் பாதுகாப்புக்கான தேசிய அமைப்பு எச்சரிக்கை விடுத்திருந்தது. 2007இல் அதே நிறுவனத்திற்காகப் பணியாற்றிய ஜெர்மானிய டாக்டர்கள் இருமுறை இதே மருந்தை அளவு மீறிக் கொடுத்துவிட்டார்கள். நோயாளிகள் இருவரும் தெய்வாதீனமாகப் பிழைத்தார்கள். அப்போதே மருந்துப் பெட்டியைத் திறந்து அக்குப்பியை வெளியே எடுத்து வைத்திருக்கலாம். இம்மருந்து அந்த டாக்டர்களின் நாட்டுக் குடும்ப மருத்துவத்தில் வழக்கத்தில் இல்லாதது. அதனைப் பணி தொடங்குமுன் சொல்லிக் கொடுத்திருக்கலாம். அந்நிறுவனம் எச்சரிக்கைகளுக்கு ஏற்ப நடவடிக்கை எடுக்கவில்லை என்று பராமரிப்புத் தர ஆணையம் 2010 ஜூலையில் வெளியிட்ட விசாரணை அறிக்கையில் கூறியது. நிறுவனத்தைக் கண்காணிக்க வேண்டிய வட்டார அமைப்புகளையும் அவ்வறிக்கை விட்டுவைக்கவில்லை.

இன்னும் ஒன்று. அந்த டாக்டர் முதலில் லீட்ஸ் நகர அமைப்பிடம் பதிவு கேட்டார். ஆங்கில அறிவு போதாது என்று அங்கே மறுத்துவிட்டார்கள். பிறகு கார்ன்வால் அமைப்பிடம் கேட்டார்; அங்கே மொழித் தேர்வு வைக்காமலே பட்டியலில் சேர்த்துக்கொண்டார்கள். அந்தப் பட்டியலில் இடம் கிடைத்தால் இங்கிலாந்தில் எங்கும் பணியாற்றலாம். லீட்ஸ் அறிந்ததைக் கார்ன்வால் அறியவில்லை. ஐரோப்பிய நாடுகளிலிருந்து வரும் டாக்டர்களின் மொழியறிவைச் சோதிக்கும் அதிகாரத்தை மருத்துவ மன்றம் 2014 ஜூன் முதல்தான் பயன்படுத்த முடிந்தது.

இங்கே தவறிப்போனவை இரண்டு நினைவுகள்: நேர்ந்த தவற்றைப் பற்றிய நினைவும், பணிக்கு வருபவரைப் பற்றிய நினைவும்.

திருத்தி எழுதிய கணக்கு

மறந்து போவது ஒரு நோய் என்றால், நினைவைத் திருத்தி எழுதுவது அதனினும் கொடிய நோய். கார்ன்வால் மாவட்டத்தின் இரவு மருத்துவத்தை செர்கோ என்னும் பெரிய தனியார் நிறுவனம் ஒப்பந்தத்தில் நடத்தி வந்தது. 2012ஆம் ஆண்டின் முதல் ஆறு மாதங்களில் அதன் பணியாளர்கள் செயல்திறன் கணக்கில் 252 இடங்களில் அனுமதியின்றி மாற்றம் செய்திருந்தார்கள். தாமதமானவை நேரத்தோடு நடந்தவையாக ஏட்டில் மாறின. தேசியத் தணிக்கை அலுவலகம் 2013 மார்ச்சில் இதனை விசாரித்து எழுதியது. அவ்வாண்டு ஜூலையில் பாராளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு, நிறுவனத்தோடு, அது கொடுத்த கணக்கைத் துருவிப் பார்க்காமல் ஏற்றுக்கொண்ட வட்டார அமைப்பையும் கண்டித்தது.

இவ்வுண்மை எப்படி வெளிவந்தது? உள்ளே பணியாற்றிய சிலர் துணிந்து வாய் திறந்ததால் வெளிவந்தது. மாதந்தோறும் அட்டவணை அனுப்பப்பட்டது. மாதந்தோறும் அது கோப்பில் சேர்க்கப்பட்டது. அட்டவணையைப் படித்தவர்கள் நோயாளியிடம் போய்க் கேட்கவில்லை.

கடிகாரத்தை மட்டும் அளவுகோலாக வைத்தால், கடிகாரத்தின் முள்ளைத் திருப்பி வைக்கும் ஆசையும் கூடவே பிறக்கும். மதிப்பெண்ணிற்காக மட்டும் படிப்பவனுக்குப் பார்த்து எழுதும் ஆசை பிறப்பதைப் போன்றதே இதுவும்.

ஆய்வாளர் வருகிறார்

பராமரிப்புத் தர ஆணையம் 2009 ஏப்ரலில் பணி தொடங்கியது. 2012 ஏப்ரல் முதல் இரவு மருத்துவ அமைப்புகள் அதனிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றாயிற்று. 2014 ஜனவரி முதல் புதிய முறையில் ஆய்வுகள் தொடங்கின. ஆய்வுக் குழுவில் அதிகாரியோடு குடும்ப டாக்டர் ஒருவரும் இடம்பெற்றார். ஐந்து வினாக்களை அடிப்படையாக வைத்தார்கள்: சேவை பாதுகாப்பானதா? பயன் தருவதா? பரிவுடையதா? மக்களின் தேவைக்கு இசைந்து நடப்பதா? தலைமை நன்றாக உள்ளதா? இவற்றிற்கு 'மிகச் சிறப்பு, நன்று, மேம்பாடு தேவை, போதாது' என நான்கு தரங்கள் வகுத்தார்கள். முதற்கட்ட ஆய்வில் பெரும்பாலான அமைப்புகள் நன்றாகவே நடப்பதைக் கண்டார்கள். சிலவற்றில் மருந்துகளைப் பாதுகாக்கும் முறையில் குறை கண்டார்கள். இதனையும் மறவாமல் சொல்வதே நேர்மை. இரவெல்லாம் விழித்து உழைக்கும் நல்ல டாக்டர்களும் செவிலியரும் அங்கே ஆயிரக்கணக்கில் உள்ளனர்.

ஐந்து வினாக்களும் சிறந்தவையே. ஆனால் வினாத்தாள் நன்றாக இருந்தால் போதுமா? ஆய்வுக் குழு வருகிறது என்றால் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதும், நூலக அலமாரியில் தூசு தட்டுவதும் கல்லூரி வாழ்க்கை அறிந்த நமக்குப் புதிதா? முன்னறிவித்து, பகலில் வந்து, கோப்புகளைப் புரட்டிவிட்டுப் போகும் ஆய்வாளர் இரவு மருத்துவத்தை எவ்வாறு காண முடியும்? அவர் காண்பது இரவு மருத்துவத்தின் பகல் வேடம்.

ஆகவே ஆய்வாளர் சனிக்கிழமை இரவு பதினோரு மணிக்கு வரட்டும். டாக்டரின் காரில் உள்ள மருந்துப் பெட்டியைத் திறந்து பார்க்கட்டும். சென்ற மாதம் மூன்று முறைக்கு மேல் அழைத்த நோயாளி ஒருவரின் பதிவை எடுத்து, முதல் அழைப்பிலிருந்து கடைசி அழைப்பு வரை நூல் பிடித்துச் செல்லட்டும். பதிவு செய்த குரலைக் கேட்கட்டும். காலை 8 மணிக்குக் குறிப்பு குடும்ப டாக்டருக்குச் சேர்ந்ததா என்று அந்த டாக்டரையே கேட்கட்டும். கடைசியாக நேர்ந்த தவறு எது, அதன்பின் எதை மாற்றினீர்கள் என்று வினவட்டும். "எங்களிடம் தவறே நேர்ந்ததில்லை" என்று ஓர் அமைப்பு சொல்லுமானால், அங்கேதான் அவர் இன்னும் சிறிது நேரம் உட்கார வேண்டும்.

எதிர்வாதங்கள்

இக்கருத்திற்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றையும் பார்ப்போம்.

"ஏற்கனவே இரவுப் பணிக்கு டாக்டர்கள் கிடைப்பது அரிது, கண்காணிப்பைக் கூட்டினால் இருப்பவர்களும் ஓடிவிடுவார்கள்" என்பர் சிலர். இதில் உண்மை இல்லாமல் இல்லை. எழுதித் தீராத படிவங்களை நீட்டும் ஆய்வு டாக்டரை ஓட்டத்தான் செய்யும். ஆனால் நல்ல ஆய்வு டாக்டருக்குக் காவல். எத்தனை பணிமுறைகள் ஆளில்லாமல் காலியாக இருந்தன, ஒரு டாக்டரின் பொறுப்பில் எத்தனை ஊர்களை விட்டார்கள், அவர் எப்போது உறங்கினார் என்று ஆய்வாளர் கேட்டால், அக்கேள்வி டாக்டரை நோக்கியதன்று; அவரை அனுப்பிய நிறுவனத்தை நோக்கியது.

"லட்சக்கணக்கானவர்களில் ஓரிருவர் இறந்ததைப் பெரிதுபடுத்தலாமா?" என்பர் வேறு சிலர். சாவு அரிது, உண்மைதான். ஆனால் சாவிற்கு இட்டுச் செல்லும் குறைகள் அரிதல்ல. 2007இல் பிழைத்த இருவரும் எந்தச் சாவுக் கணக்கிலும் இல்லை. அவர்களைக் கணக்கில் எடுத்திருந்தால் மூன்றாமவர் பிழைத்திருக்கக்கூடும். நூலிழையில் தப்பியதை எண்ணாத அமைப்பு, சாவை எண்ணித்தான் பாடம் கற்க வேண்டியிருக்கும்.

"அயல்நாட்டு டாக்டர்களால் வந்த வினை இது, அவர்களைத் தடுத்தால் போதும்" என்பர் இன்னும் சிலர். இவ்வாதத்தை நம்மவர்கள் சற்று நின்று கவனிக்க வேண்டும். இந்தியா, பாகிஸ்தான், இலங்கை நாடுகளிலிருந்து சென்ற டாக்டர்கள் அந்நாட்டின் ஏழ்மை மிக்க நகர்ப்பகுதிகளிலும், வேல்ஸ் நாட்டுச் சுரங்கப் பள்ளத்தாக்குகளிலும் உள்ளூர் டாக்டர்கள் விரும்பி வராத நிலையங்களைப் பல்லாண்டுகள் தாங்கி நின்றார்கள். எந்த நாட்டில் பிறந்தார் என்பது ஒருவரின் தகுதியைச் சொல்லாது. மொழியைச் சோதியுங்கள்; பயிற்சியைச் சோதியுங்கள்; அறியாத மருந்தை அவர் பெட்டியில் வைப்பதற்கு முன் சொல்லிக் கொடுங்கள். எட்டு டாக்டர்கள் பார்த்தும் அந்தப் பெண்மணி இறந்ததற்கு அயல்நாட்டு விமானம் எதுவும் காரணமில்லையே!

ஆய்வாளரை ஆய்வது யார்?

ஊரை ஆராய்பவரின் வீடும் ஆராய்ச்சிக்கு உரியதே. 2024இல் அரசு, டாக்டர் பென்னி டாஷ் என்பவரின் தலைமையில் பராமரிப்புத் தர ஆணையத்தையே ஆய்வு செய்தது. கண்டவை கவலைக்குரியவை. மருத்துவமனைகள், முதியோர் இல்லங்கள், டாக்டர் நிலையங்கள் எல்லாவற்றையும் சேர்த்து ஆணையம் 2019-20இல் ஏறத்தாழ 16,000 ஆய்வுகள் நடத்தியிருந்தது. 2023-24இல் அது 7,000க்கும் கீழே இறங்கியிருந்தது. ஆய்வுக்கு உட்பட்ட இடங்களில் ஐந்தில் ஒன்று ஒருமுறைகூடத் தரம் பெறவில்லை. சில இடங்களின் தரம் பத்தாண்டுகளுக்கும் முந்தையது. ஆணையம் தன் பணிக்குத் தகுதியான நிலையில் இல்லை என்று சுகாதார அமைச்சரே வெளிப்படையாகக் கூறினார்.

பத்தாண்டுகளுக்கு முன் 'நன்று' என்று எழுதிய பலகை இன்றும் வாசலில் தொங்கினால் அதற்கு என்ன பொருள்? டாக்டர்கள் மாறியிருப்பார்கள், நிர்வாகம் மாறியிருக்கும், பலகை மட்டும் மாறாது. தரச்சான்று என்பது ஒரு நாளைப் பற்றிய சாட்சி. அந்நாள் கடந்துபோனால் சாட்சியும் பழையதாகிவிடும். ஆய்வாளரின் நினைவும் புதுப்பிக்கப்பட வேண்டும்; இல்லையேல் மக்களுக்குப் பொய்யான நம்பிக்கையையே அது விற்கும். தரம் தெரியாத இடத்தில் மக்கள் எச்சரிக்கையாகவாவது இருப்பார்கள். பழைய தரம் அந்த எச்சரிக்கையையும் பறித்துவிடுகிறது.

முடிவாக

இதுவரை கண்டவற்றைத் தொகுத்துச் சொன்னால், இரவு மருத்துவத்தை ஆய்பவர் கடிகாரத்தைப் பார்த்த பிறகு நான்கு நினைவுகளையும் பார்க்க வேண்டும். நோயாளியைப் பற்றி நேற்றைய டாக்டர் அறிந்தது இன்றைய டாக்டருக்கு வந்து சேர்கிறதா? ஓரிடத்தில் நேர்ந்த தவறு எல்லா மருந்துப் பெட்டிகளுக்கும் பாடமாகிறதா? பணிக்கு வருபவரைப் பற்றி ஓர் ஊர் அறிந்தது மறு ஊருக்குத் தெரிகிறதா? எழுதிய கணக்கு நடந்த கணக்குத்தானா? இந்நான்கிற்கும் 'ஆம்' என்ற விடை வருமானால், வாசலில் நிற்பவர் முன்பின் அறியாத டாக்டராயினும், அவர் பின்னால் ஒரு குடும்ப டாக்டரின் நினைவு நிற்கிறது. வள்ளுவர் சொன்ன நான்காம் கூறு, அருகிருந்து கவனிப்பவர், அந்த வடிவில் நள்ளிரவிலும் உடனிருக்கிறார்.

நண்பர்களே, நம்மில் பெரும்பாலோர் டாக்டர்களாகப் போவதில்லை. கலைக் கல்லூரியில் படிக்கும் நாம் நாளை அலுவலர்களாக, ஆசிரியர்களாக, கணக்கர்களாக, தணிக்கையாளர்களாகப் போகிறோம். ஏதேனும் ஓர் அலுவலகத்தில், ஏதேனும் ஓர் அட்டவணை நம் மேசைக்கு வரும். எல்லாக் கட்டங்களிலும் அழகான எண்கள் இருக்கும். கையெழுத்திட்டு அனுப்பிவிட்டால் மாலை வண்டியைப் பிடித்துவிடலாம். கார்ன்வாலில் அட்டவணையைக் கோப்பில் சேர்த்தவர்களும் நம்மைப் போல் படித்தவர்களே. கெட்டவர்கள் என்று சொல்ல எந்தச் சான்றும் இல்லை. அவர்கள் கேட்கத் தவறியது ஒரே ஒரு கேள்வி: "இந்த எண்ணிற்குப் பின்னால் இருப்பவர் எப்படி இருக்கிறார்?"

அந்தக் கேள்வியைக் கேட்கும் பழக்கத்தை இக்கல்லூரியிலேயே கற்றுக்கொள்வோம். பகலில் கற்ற பாடம், யாரோ ஒருவரின் நள்ளிரவில் பயன்படட்டும்.